பூட்டி வைப்பதா, பங்கு வைப்பதா? தாராவிப் பாட்டுகளுக்கு ஒரு வழி

எங்களிடம் 180 மணி நேரப் பாட்டும் பேச்சும் இருக்கின்றன. திருநெல்வேலிப் பக்கமிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியிலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் குரல்கள் அவை. கோயில் கொடையில் விடிய விடியப் பாடிய வில்லுப்பாட்டு, தொட்டில் பாட்டு, ஒப்பாரி, தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் சொன்ன கதைகள். கொஞ்சம் பழைய கேசட்டுகளிலிருந்து எடுத்தது. மற்றதெல்லாம் நாங்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்ப் பதிந்தது.

பதிவு வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இனி இதை எந்த வழியில் மக்களிடம் கொடுப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். தாராவி மறுகட்டுமானத்துக்கான கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியதிலிருந்து, 90 அடி சாலையில் இன்றைக்கு எதிரெதிர் வீட்டில் இருப்பவர்கள் நாளைக்கு எந்தப் பக்கம் போவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சிலர் இப்போதே தாணேக்கும் நவி மும்பைக்கும் போய்விட்டார்கள். பிள்ளைகள் ஷார்ஜாவிலும் தோகாவிலும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் சிதறிக்கொண்டே போகும்போது முடிவைத் தள்ளிப்போட முடியாது. பாட்டோ நாடகமோ பழைய படமோ வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, நாங்கள் பார்த்த வழிகளை எழுதுகிறேன்.

எதிலிருந்து காப்பது?

"பாதுகாப்பு" என்ற சொல்லுக்கு எங்கள் மூவருக்கும் வேறு வேறு அர்த்தம் இருந்தது. அதை உணராமலே இரண்டு மாதம் வாதாடினோம்.

எனக்கு அது ஈரம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மித்தி ஆறு பெருகி இடுப்பளவுத் தண்ணீர் வந்த ஒரு வீட்டில், கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் 31 கேசட்டுகள் இருந்திருக்கின்றன. அவற்றை எங்களிடம் கொடுத்தபோது பாதி ஓடவே இல்லை. ஒரு கேசட்டின் ஐந்து திருகுகளையும் கழற்றித் திறந்தால், சுற்றிய நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. மெல்லிய துணியால் துடைத்து, வேறு கூட்டுக்குள் மாற்றி, ஒரே ஒருமுறை ஓட்டிப் பதிந்துகொண்டோம். இரண்டாம் முறை ஓட்டினால் நாடாவின் பூச்சு உதிர்ந்துவிடும். அந்த 31-இல் 12 தேறின. மற்ற 19-இல் யார் பாடினார்கள் என்பதுகூட இப்போது தெரியாது. வேறெங்காவது ஒரு நகல் இருந்திருந்தால் போதும்.

எங்கள் தோழி ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவருக்குப் பாதுகாப்பு என்றால் திருட்டு. முன்பு நாங்கள் ஒரு பெரிய காணொளித் தளத்தில் எட்டுப் பாட்டு ஏற்றினோம். ஒரு தொட்டில் பாட்டை யாரோ எடுத்து, பின்னால் எலக்ட்ரானிக் தாளம் சேர்த்து, தம் பெயரில் விநியோக நிறுவனம் ஒன்றின் மூலம் பதிவு செய்துவிட்டார்கள். பிறகு எங்கள் பதிவுக்கே "இது இன்னாருடைய இசை" என்று அறிவிப்பு வந்தது. அதை விலக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தோழியின் கோபத்தில் தவறே கிடையாது.

மூன்றாவது அர்த்தத்தைச் சொன்னவர்கள் பாடியவர்களே. கிராஸ் ரோட்டில் இருக்கும் ஒரு பாட்டி சொன்னார்: "எய்யா, நான் பாடுனத நாலு பேரு கேக்கட்டும், நல்லதுதான். எம் பேரு இல்லாம மட்டும் போயிரக் கூடாது." அதே பாட்டி, இறந்துபோன மகனுக்காகப் பாடிய ஒப்பாரியைப் பற்றிப் பேச்சு வந்ததும், "அது வெளிய வேண்டாம். எம் பேத்திமாருக்கு மட்டும் குடு" என்றார்.

தொலையக் கூடாது, பெயர் அழியக் கூடாது, போகக் கூடாத இடத்துக்குப் போகக் கூடாது. ஒரே கருவி இந்த மூன்றையும் செய்யாது. நாங்கள் கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் இதுதான்.

பெரிய தளங்கள்

ஆள் சேர்ப்பதில் இவற்றுக்கு ஈடு கிடையாது. எந்தப் பெரியம்மாவுக்கும் லிங்க் அனுப்பினால் தொட்டுக் கேட்டுவிடுவார். செலவும் இல்லை. ஆனால் மூலப் பிரதியை அங்கே மட்டும் வைப்பது வாடகை வீட்டில் கிணறு வெட்டுவது போல. ஒலியை ஒப்பிட்டு உரிமை சொல்லும் தானியங்கி முறைக்கு யார் முதலில் பதிவு செய்தார் என்பதுதான் தெரியும், யார் பாடினார் என்பது தெரியாது. அதனால் மாதிரிக்கு இருபது பாட்டு மட்டும் அங்கே இருக்கும். கூகுள் டிரைவ் போன்ற இடங்களில் போட்டு லிங்க் கொடுப்பதும் இதே கதைதான், கணக்கு வைத்திருப்பவருக்கு ஏதாவது ஆனால் எல்லாம் போச்சு.

டிஆர்எம் என்னும் பூட்டு

தோழி முதலில் கேட்டது இது, டிஜிட்டல் உரிமை மேலாண்மை. பணம் கட்டிப் படம் பார்க்கும் செயலிகளில் இருப்பது. கோப்பு மறையாக்கப்பட்டிருக்கும், திறக்கும் சாவியை ஒரு சர்வர் ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக் கொடுக்கும். கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. பிரௌசருக்குள் இவை இயங்குவதற்கான பொது இணைப்பு முறையை, இணையத்துக்கான தர விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017-இல் ஏற்றுக்கொண்டது.

படம் வெளியான முதல் வாரத்தில் வசூலைக் காப்பாற்ற நினைக்கும் தயாரிப்பாளருக்கு இதில் பொருள் இருக்கிறது. எங்களுக்கு இல்லை. ஒலி எப்படியும் ஸ்பீக்கர் வழியாக வெளியே வர வேண்டும். வந்தால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிந்துவிடலாம், தொட்டில் பாட்டைத் திருட அந்தத் தரமே போதும். டிவிடியின் பூட்டு 1999-இலேயே உடைக்கப்பட்டது. ஐடியூன்ஸ் கடையில் பாட்டுகளுக்கு இருந்த பூட்டை ஆப்பிளே 2009-இல் எடுத்துவிட்டது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகங்களும் திறக்காமல் போயின. பணம் திரும்பியது, புத்தகம் திரும்பவில்லை. சாவி தரும் சர்வர் நின்றால் பூட்டிய கோப்பு வெறும் குப்பை. எங்களைப் போன்ற மூன்று பேர் குழு இருபது வருடம் சர்வர் கட்டணம் கட்டுமா? பாட்டியின் பேத்தி, தன் குழந்தைக்கு அந்தத் தாலாட்டைப் போடப் போகும் நாளில் எங்கள் சாவி சர்வர் உயிரோடு இருக்குமா? இருக்கும் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. கேசட்டைப் பூஞ்சை தின்றதற்கும் இதற்கும் விளைவில் வித்தியாசம் இல்லை.

தோழி மனம் மாறியது சட்டத்தைப் படித்த பிறகு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் இரண்டு பிரிவுகள் சேர்த்தார்கள். 65ஏ, பூட்டை உடைப்பவரைத் தண்டிக்கிறது. எங்களுக்கு முக்கியம் அடுத்தது, 65பி. ஒரு படைப்போடு சேர்த்து வைத்திருக்கும் உரிமைத் தகவலை, அதாவது யாருடையது, யார் பாடியது என்ற விவரத்தை, தெரிந்தே அனுமதியில்லாமல் நீக்குவதும் மாற்றுவதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 38பி பிரிவோ பாடகருக்குத் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற உரிமையையே தருகிறது. பரம்பரைப் பாட்டின் சொற்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கலாம். பதிவுக்கும் பாடியவருக்கும் உரிமை உண்டு. ஆக, பாட்டி கேட்டது பூட்டு இல்லை, பெயர். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பாடியவர் பெயர், ஊர், பதிந்த தேதி, அனுமதியின் விவரம் எல்லாவற்றையும் எழுதுவது அந்த வாரமே தொடங்கிவிட்டது.

பங்கு வைக்கும் வழி

எங்கள் குழுவின் தம்பி கல்லூரி மாணவன். "டொரண்ட்டில் போட்டுவிடலாம்" என்று முதல் நாளிலிருந்து சொன்னது அவன்தான். கோப்பை ஒரே சர்வரில் வைக்காமல், வாங்குபவர்களே ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் முறை அது. டொரண்ட் என்றதும் பலருக்குத் திருட்டுப் படம்தான் நினைவுக்கு வருகிறது. கேசட் பெட்டியைக் கொடுத்த இட்லிக் கடை அண்ணாச்சி நேராகவே கேட்டார்: "டொரண்டுன்னா போலீஸு கேஸு ஆவாதா தம்பி?" ஆகாது. நம் பாட்டை நாமே, பாடியவர் அனுமதியோடு பகிர்வதில் எந்தக் குற்றமும் இல்லை. உபுண்டு லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளத்தை அதைச் செய்பவர்களே டொரண்ட்டாகத்தான் பல ஆண்டுகளாகக் கொடுக்கிறார்கள். 2012-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் பொதுத் தடை உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் பல தளங்களை முழுசாக அடைத்தபோது, திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஜூனில் தெளிவுபடுத்தியது.

வேலை செய்யும் விதம் எளிது. 1999-இல் வந்த நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுச் சேவையில் கோப்புகள் மக்களிடம் இருந்தாலும் பட்டியல் ஒரே இடத்தில் இருந்தது. 2001-இல் அந்த இடம் நின்றதும் எல்லாம் நின்றது. அதே ஆண்டு பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டொரண்ட் கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் என்ற சரிபார்ப்பு எண் உண்டு. வாங்குபவர் கையில் இருக்கும் துண்டை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே வாங்குகிறார். யாரிடமும் அதிகம் இல்லாத துண்டை முதலில் கேட்டு வாங்குவதால், அரிதானது சீக்கிரம் பெருகுகிறது. பின்னால் வந்த டிஹெச்டி முறையில் பட்டியலையும் உறுப்பினர்களே பகிர்ந்து வைத்துக்கொள்கிறார்கள்.

இதை நம்புவதற்கு முன் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) ஒரு அறையில் சோதித்தோம். மூன்று மடிக்கணினி. முதலாவதில் மட்டும் முழுத் தொகுப்பு, மற்ற இரண்டும் வாங்குகின்றன. இரண்டுமே தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியதும் முதல் கணினியை அணைத்துவிட்டோம். எனக்கு உள்ளுக்குள் பதற்றம். இரண்டும் தங்களுக்குள் இல்லாததை மாற்றிக்கொண்டு ஏறின, ஏறின, 99.6-இல் நின்றன. ஒரு சில துண்டுகள் மட்டும் இரண்டிலுமே இல்லை. தம்பி முதல் கணினியை மறுபடி போட்ட சில விநாடிகளில் நிறைந்தது. அடுத்து ஒரு பாட்டுக் கோப்பில் வேண்டுமென்றே சில பைட்டுகளை மாற்றிவிட்டுச் சரிபார்க்கச் சொன்னோம். கெட்டுப்போன துண்டை மட்டும் தள்ளிவிட்டு, பக்கத்துக் கணினியிலிருந்து நல்லதை வாங்கிச் சரிசெய்துகொண்டது. கேசட் பெட்டி இதைச் செய்திருந்தால் 19 நாடாவும் இன்று பாடிக்கொண்டிருக்கும்.

அந்த 99.6-தான் இந்த வழியின் பலவீனமும். முழுப் பிரதியோடு குறைந்தது ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் லிங்க் இருக்கும், பாட்டு வராது. தாராவியில் இது சுலபமில்லை. பெரும்பாலானவர்களிடம் இருப்பது போன் மட்டும். மொபைல் நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், வெளியிலிருந்து நம் கருவியை நேராக எட்டுவது கடினம். கேபிள்காரர் கொடுக்கும் இணைப்பிலும் பல இடங்களில் இதே நிலை. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரும் ஐபிவி6 முறை கிடைக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் குறைகிறது.

அளவு பெரிய பிரச்சினை இல்லை. கேட்பதற்கான பிரதியை ஓபஸ் வடிவில் 48 கிலோபிட்டில் வைத்தால் மணிக்கு 22 எம்பிக்குள், 180 மணி நேரமும் சேர்த்து 4 ஜிபிக்குள் அடங்கும். தரம் குறையாத ஃபிளாக் மூலப் பிரதிதான் 50 ஜிபி வரும். அதை எல்லாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. இன்னொரு நல்ல அம்சம், ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். கொடை நாளில் பந்தலில் ஒரு ரூட்டர் வைத்தால், இணையச் செலவே இல்லாமல் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

தூங்காத பிரதிக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் உதவுகிறது. பொதுப் பாட்டுகளை அங்கே ஏற்றினால் டொரண்ட் கோப்பும் உருவாகிறது. 2012-இலிருந்து இந்த வசதி உண்டு. வேறு யாரும் இணைப்பில் இல்லாவிட்டாலும் அவர்கள் சர்வரிலிருந்தே துண்டுகள் வரும். ஏற்றிய தேதி மூன்றாம் நபரிடம் பதிவாவதால், நாளை யாராவது உரிமை கொண்டாடினால் காட்டவும் ஒரு சான்று. அங்கே மட்டும் வைத்தால் போதாதா? 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அந்தத் தளமே சில நாள் முடங்கியது. வீடுகளில் பிரதி இருந்தால் அந்த நாட்களிலும் பாட்டு கிடைக்கும்.

ஐபிஎஃப்எஸ் என்ற இன்னொரு பகிர்வு முறை பற்றியும் படித்தோம். உள்ளடக்கத்தின் ஹாஷையே முகவரியாக வைப்பது அழகான யோசனை. ஆனால் யாராவது "பின்" செய்து வைத்திருந்தால்தான் கோப்பு நிலைக்கும். அதற்குத் தனியாகக் கட்டணம் கட்டுவதும், அண்ணாச்சி வீட்டுக் கணினியில் அதை அமைத்துக் கொடுப்பதும் இப்போது எங்களால் ஆகாது. நாமே நடத்தும் காணொளித் தளமான பீர்டியூப்புக்கு சர்வர் நடத்த ஆள் வேண்டும், விட்டுவிட்டோம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாஷ் சரியாக இருந்தால் கோப்பு மாறவில்லை என்று தெரியும், அதை வெளியிட்டது நாங்கள்தான் என்று தெரியாது. யாரோ பெயரை மாற்றிப் புதுசாக ஒரு டொரண்ட் செய்து விடலாம். அதோடு பழைய டொரண்ட் முறை நம்பியிருக்கும் எஸ்ஹெச்ஏ-1 கணக்கில், இரண்டு வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வரச் செய்ய முடியும் என்று கூகுளும் ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் 2017-இல் காட்டின. அதனால் எல்லாக் கோப்புக்கும், அதைவிட வலுவான எஸ்ஹெச்ஏ-256 கணக்கில் சரிபார்ப்பு எண் பட்டியல் ஒன்று தயாரித்து, மினிசைன் என்ற சிறு கருவியால் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறோம். சரிபார்க்க உதவும் பொதுச் சாவி 56 எழுத்துதான். ஒரு சீட்டில் அச்சடித்து, பாடிய ஒவ்வொருவர் வீட்டிலும் கொடுத்திருக்கிறோம்.

திரும்பக் கேட்க முடியாதவை

ஒப்பாரிகளுக்கு இந்த வழி ஆகவே ஆகாது. டொரண்ட்டில் போனது போனதுதான். நாளை அந்தப் பாட்டி மனம் மாறி "எடுத்துவிடு" என்றால் எங்களால் எதுவும் செய்ய முடியாது. ஒரு டொரண்ட்டைப் பகிர்பவர்களின் ஐபி முகவரியும் (இணைய இணைப்பின் எண்) மற்றவர்களுக்குத் தெரியும். மறையாக்கம் செய்து டொரண்ட்டில் விட்டு, சாவியைக் குடும்பத்துக்கு மட்டும் கொடுக்கலாம் என்று தம்பி சொன்னான். சாவி ஒருமுறை கசிந்தால், முன்பு இறக்கி வைத்திருக்கும் எல்லாரும் திறந்துவிடலாம். பூட்டை மாற்றவும் வழியில்லை. அவனே யோசித்துக் கைவிட்டான்.

இவற்றுக்கு, கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங் என்ற மென்பொருள் போதும். இதுவும் நேரடியாகக் கருவிக்குக் கருவி பேசுவதுதான், ஆனால் நாம் இரண்டு பக்கமும் சம்மதம் கொடுத்த கருவிகளுக்குள் மட்டும். அந்தக் குடும்பத்தின் கணினியும் எங்கள் கணினியும், மூன்றாவதாகத் திருநெல்வேலியில் இருக்கும் உறவினர் வீடும். மூன்றாவது வீட்டில் மறையாக்கிய நிலையிலேயே வைக்கும் வசதி இருக்கிறது. அவர்கள் வைத்திருப்பார்கள், திறக்க முடியாது. ஒரே எச்சரிக்கை, ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். ஆகவே எங்கள் பக்கம் "அனுப்ப மட்டும்", மற்ற பக்கம் "பெற மட்டும்" என்று வைத்து, பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியையும் போட்டுவிட வேண்டும். இதற்கு வெளியே ஒரு ஹார்டு டிஸ்க் நகலும் உண்டு.

ஃபிளாக் மூலப் பிரதிகளுக்கும் இதே வட்டம்தான், கொஞ்சம் பெரிதாக, ஐந்து வீடு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் நடத்தும் லாக்ஸ் என்ற திட்டம் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. பல நூலகங்கள் ஒரே இதழின் பிரதியை வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கெட்டுப்போனதை மற்றவர்களிடமிருந்து சரிசெய்கின்றன. நூலகங்களுக்கு நடப்பது ஐந்து வீட்டுக்கு நடக்காதா என்ன? மாதம் ஒருமுறை அந்த எஸ்ஹெச்ஏ பட்டியலோடு ஒப்பிடும் பொறுப்பைத் தோழி ஏற்றுக்கொண்டார்.

ஆக, 140 மணி நேரம் டொரண்ட்டிலும் ஆர்க்கைவிலும் போகிறது. 28 மணி நேரம் மூடிய வட்டத்துக்குள். மீதி 12 மணி நேரத்துக்கு அனுமதி கேட்கப் பாடியவர்கள் உயிரோடு இல்லை, வாரிசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம், அதுவரை எங்கும் போகாது.

தூங்காத பிரதிக்கு அண்ணாச்சி தன் கடை மாடியில் இடம் கொடுத்திருக்கிறார். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றும், சேமிப்புக்கு ஒரு எஸ்எஸ்டியும். ஏறக்குறைய ஐந்து வாட் இழுக்கிறது, மாதத்துக்கு நாலு யூனிட்டுக்குள். "இட்லி குக்கருக்கு முன்னால இதெல்லாம் ஒரு கரண்டா" என்றார். ரூட்டரை இடுப்பளவுக்கு மேலே ஆணியடித்து மாட்டியாயிற்று. மற்ற நாலு வீட்டிலும் ஜூன் முதல் வாரத்துக்குள், மழை பிடிப்பதற்கு முன்னால், ஏற்றிவிட வேண்டும்.